பிபி இறங்குனா ஏன்னு கட்டில் பக்கத்துலயே பார்க்கலாம்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல யாருக்காவது சிசேரியனோ வேற ஆபரேஷனோ நடக்கப் போகுதுன்னா கடைசி வரை படிச்சிடுங்க.

நான் பாபநாசத்துக்காரன். எம்பிபிஎஸ் முடிச்சிட்டு அரசு மருத்துவமனையில டூட்டி டாக்டரா இருக்கேன். டெல்டாவுல சில ஆஸ்பத்திரிகள் மாறி வேலை பார்த்தாச்சு. கீழே சொல்ற ரெண்டு சம்பவமும் எங்கே நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். நோயாளிகள் யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு சில விவரங்களையும் மாத்தியிருக்கேன்.

முதல் சம்பவம்.

ரெண்டாவது பிரசவம், ரெண்டாவது சிசேரியன். மதியம் மூணரை மணிக்கு ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்துட்டாங்க. குழந்தை நல்லா இருக்கு. ராத்திரி டூட்டிக்கு நான் ஏழு மணிக்குப் போறேன். அந்தப் பொண்ணோட மாமியார் வாசல்லயே என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"தம்பி, புள்ள கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கு. கையெல்லாம் ஜில்லுனு இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். பிபி 84/50. நாடி நிமிஷத்துக்கு 126. வயித்துக் கட்டு காய்ஞ்சு இருந்துச்சு. கீழே ரத்தப்போக்கு அதிகமில்லை. கர்ப்பப்பை கெட்டியாத்தான் இருந்துச்சு. யூரின் பையில மட்டும் ரொம்பக் கொஞ்சம்.

"ஸ்பைனல் ஊசியோட எஃபெக்ட்டா இருக்கும் சிஸ்டர், ஒரு பாட்டில் வேகமா விடுங்க"ன்னு சொன்னேன்.

பாட்டில் ஏறுச்சு. பிபி 98 ஆச்சு. எனக்கும் நிம்மதி, சிஸ்டருக்கும் நிம்மதி. மாமியார் முகத்துல மட்டும் நிம்மதி இல்லை.

முக்கால் மணி நேரத்துல திரும்ப 76. ஆபரேஷன் பண்ண மகப்பேறு டாக்டருக்குப் போன் போட்டேன். அவங்க உடனே கிளம்பி வந்தாங்க, வயித்தைத் தொட்டுப் பார்த்தாங்க, "உள்ள கசியுதோன்னு சந்தேகமா இருக்கு"ன்னாங்க. சந்தேகத்தைத் தீர்த்து வைக்க வேண்டிய ஸ்கேன் மெஷின் அதே கட்டடத்துல, முப்பது அடி தள்ளி, பூட்டின ரூமுக்குள்ள இருக்கு. சாவி பகல் டூட்டி ஆள்கிட்ட. மயக்க மருந்து டாக்டர் வேற ஆஸ்பத்திரியில. கையில இருந்த ரத்தம் ஒரே ஒரு யூனிட். 108-ல ஏத்தி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். நானும் கூடவே போனேன்.

அங்கே போய்ச் சேரும்போது மணி பத்து. ட்ராலியை நிறுத்தின இடத்துலயே ஒரு முதுகலை மாணவி வலது பக்க விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியை வச்சாங்க. கல்லீரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல தடிமனா ஒரு கறுப்புப் பட்டை. "வயிறு முழுக்க ரத்தம். தியேட்டருக்குச் சொல்லுங்க." இவ்வளவுக்கும் ரெண்டு நிமிஷம் கூட ஆகலை.

ஏழு மணிக்கு மாமியார் சொன்னது. பத்து மணிக்கு நாங்க கண்டுபிடிச்சது.

உயிர் பிழைச்சிட்டாங்க. ஆறு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்போ வயசு முப்பது கூட ஆகலை.

மூணு மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா கர்ப்பப்பையைக் காப்பாத்தியிருக்கலாமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஸ்பைனல் ஊசியால பிபி இறங்குறது பெரும்பாலும் ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள்ள நடக்குறது. மூணரை மணி நேரம் கழிச்சு, அதுவும் நாடி 126 இருக்கும்போது, அந்த ஊசி மேல பழியைப் போட்டது என் தப்பு. பாட்டில் ஏத்தினதும் பிபி ஏறுச்சே, அதுதான் என்னை ஏமாத்துச்சு.

சரி. பிபி ஏன் இறங்குதுன்னு நம்ம ஊர் கணக்குல சொல்றேன்.

கடைமடைக்குத் தண்ணி வரலை. காரணம் என்னவா இருக்கும்? நாலு விதமா இருக்கலாம்.

1. தண்ணியே இல்லை. மேட்டூர்ல இருப்பு இல்லை, இல்லைன்னா வழியில எங்கேயோ கரை உடைஞ்சு வெளியே போயிட்டிருக்கு. உடம்புல இது ரத்த இழப்பு.

2. மோட்டார் இழுக்கலை. போர்ல தண்ணி இருக்கு, மேலே வரலை. உடம்புல இது இதயம் பலவீனமா இருக்குறது.

3. மதகுல அடைப்பு. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கு. உடம்புல இது நுரையீரல் ரத்தக்குழாயில கட்டி போய் அடைச்சுக்குறது, இல்லைன்னா இதயத்தைச் சுத்தி நீர் சேர்ந்து அமுக்குறது, இல்லைன்னா நுரையீரலுக்கு வெளியே காத்து சேர்ந்து அழுத்துறது.

4. வாய்க்கால் கரைஞ்சு அகலமாயிடுச்சு. தண்ணி இருக்கு, ஆனா பரவி நிக்குது, ஓட்டம் இல்லை. உடம்புல இது ரத்தக்குழாய்கள் விரிஞ்சு போறது. ஸ்பைனல் ஊசி, கிருமித்தொற்று, மருந்து அலர்ஜி எல்லாம் இந்த வகை.

நாலுக்கும் பிபி மெஷின் ஒரே நம்பரைத்தான் காட்டும். 80/50. வைத்தியம் மட்டும் நாலுக்கும் வேற வேற. முதல் வகைக்கு ரத்தம் ஏத்தி ஓட்டையை அடைக்கணும். ரெண்டாவது வகைக்குப் பாட்டில் மேல பாட்டில் ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். மூணாவதுக்கு அடைப்பை எடுக்கணும். நாலாவதுக்குக் குழாயைச் சுருக்குற மருந்து.

கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா "மேட்டூர்ல இன்னும் திறந்து விடுங்க"ன்னு கேக்குறது ஒரு வழி. வாய்க்கால் கரையோட நடந்து போய் எங்கே கோளாறுன்னு பார்க்குறது இன்னொரு வழி. காரணம் தெரியாம பாட்டில் ஏத்திக்கிட்டே இருக்குறது முதல் வழி. கட்டில் பக்க ஸ்கேன் ரெண்டாவது வழி.

அதுல என்ன தெரியும்?

இது எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லை. காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வச்சுப் படம் வரையுது. திரவம் இருக்குற இடத்துல ஒலி தடையில்லாம கடந்து போயிடும், எதிரொலி வராது. அதனால ரத்தமும் நீரும் படத்துல கறுப்பாத் தெரியும்.

முழு ஸ்கேன் தேவையில்லை. நாலே கேள்வி.

வயித்துல கறுப்பு இருக்கா? கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, மூணு இடம் பார்த்தா போதும்.

இதயம் எப்படித் துடிக்குது? காலியா, சின்னதா, வேகமா அடிச்சா உள்ளே ரத்தம் குறைவு. பெருசா வீங்கிச் சோம்பேறியா அசைஞ்சா மோட்டார் கோளாறு. வலது பக்கம் மட்டும் புடைச்சிருந்தா நுரையீரல்ல அடைப்பான்னு யோசிக்கணும். சுத்தி கறுப்பு வளையம் இருந்தா நீர் அமுக்குது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற பெரிய சிரை, மூச்சு இழுக்கும்போது அப்படியே ஒட்டிப் போகுதா, புடைச்சு நிக்குதா?

நுரையீரல் மூச்சோட அசையுதா? உள்ளே தண்ணி கோத்திருக்கா?

பழகின கைக்கு அஞ்சு நிமிஷம். நோயாளியை அசைக்க வேண்டாம், ஸ்கேன் ரூமுக்குத் தள்ளிக்கிட்டுப் போக வேண்டாம்.

இது புதுசும் இல்லை. விபத்துல அடிபட்டவங்க வயித்துல ரத்தம் இருக்கான்னு கட்டில்லயே பார்க்குறது 1990-களிலேயே உலகம் முழுக்கப் பரவிடுச்சு. நுரையீரலை ஸ்கேன்ல பார்க்க முடியாதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்த காலத்துல, பார்க்க முடியும்னு பல வருஷம் வாதாடினவர் பிரான்ஸ் நாட்டு ஐசியூ டாக்டர் டேனியல் லிக்டன்ஸ்டைன். 2008-ல வந்த அவரோட கட்டுரைக்கு அப்புறம் ஐசியூக்கள்ல அது வழக்கமாயிடுச்சு. இப்போ செல்போன்ல சொருகிப் பார்க்குற கருவியே வந்தாச்சு.

பைக்ல இருந்து விழுந்தவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசல்லயே கிடைக்குற அந்த அஞ்சு நிமிஷம், தாலுகா ஆஸ்பத்திரியில குழந்தை பெத்துட்டுப் படுத்திருக்குற தாய்க்கு ஏன் ராத்திரியில கிடைக்கலை?

ரெண்டாவது சம்பவம்.

கொஞ்ச நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவுல டெபுடேஷன்ல இருந்தேன். சிசேரியன் முடிஞ்ச ஒரு பொண்ணு, பிபி 82. முதல் சம்பவம் மனசுல அப்படியே இருந்ததால நான் முந்திக்கிட்டு, "மேடம், உள்ள ரத்தம் கசியுது. ரெண்டு பாட்டில் வேகமா விடலாமா?"ன்னு கேட்டேன்.

மயக்க மருந்து மேடம் "இருங்க"ன்னு சொல்லிட்டு ஸ்கேனைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. வயித்துல ஒரு துளி கறுப்பு இல்லை. இதயத்துல வச்சாங்க. வீங்கிப் போன இதயம், அசையுதா இல்லையான்னு தெரியாத மாதிரி ஒரு துடிப்பு. நுரையீரல்ல ஏற்கெனவே தண்ணி கோக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

பிரசவ காலத்துல சில பேருக்கு இதயத் தசை பலவீனமாகும். அந்த நோய்தான் அது. நான் கேட்ட ரெண்டு பாட்டில் வேகமா ஏறியிருந்தா மூச்சுத் திணறி அந்தப் பொண்ணு போயிருக்கலாம். பாட்டிலை நிறுத்தி, இதயத்துக்கான மருந்து ஆரம்பிச்சாங்க. பதினோரு நாள் கழிச்சுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடந்து வீட்டுக்குப் போனாங்க.

முதல் தடவை ரத்தக் கசிவை ஸ்பைனல்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை இதயக் கோளாறை ரத்தக் கசிவுன்னு நினைச்சேன். ரெண்டு தடவையும் நான் நல்ல எண்ணத்தோடதான் இருந்தேன். நல்ல எண்ணத்தை வச்சு வயித்துக்குள்ள பார்க்க முடியாது.

நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கையால அள்ளிப் பார்த்தே ஈரப்பதம் சொல்ற பெரியவங்க இருக்காங்க. ஆனா 17 சதவீதமா 18 சதவீதமான்னு சண்டை வந்தா மீட்டர்ல போட்டுத்தானே முடிவு பண்றோம்? ஒரு மூட்டை நெல்லுக்குக் குடுக்குற மரியாதையை ஒரு உயிருக்குக் குடுக்கக் கூடாதா?

இப்போ கஷ்டமான பகுதிக்கு வர்றேன். சட்டம்.

ஸ்கேன் ரூமுக்குப் பூட்டு சும்மா போடலை. கருவுல இருக்குறது ஆணா பெண்ணான்னு பார்க்குறதைத் தடுக்குற சட்டம் 1994-ல வந்து, 1996-ல அமலாச்சு, 2003-ல இன்னும் கடுமையாச்சு. உசிலம்பட்டி, சேலம், தருமபுரின்னு பெண் சிசுக்களைக் கொன்ன வரலாறு நம்ம மாநிலத்துக்கு இருக்கு. 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துல ஆரம்பிச்சது அதுக்காகத்தான். அதனால "இந்தச் சட்டம் தொல்லை, எடுத்துடுங்க"ன்னு சொல்ற டாக்டர்களோட நான் சேர மாட்டேன். அந்தச் சட்டம் வேணும்.

ஆனா அதுல என்ன இருக்குன்னு பாருங்க. எல்லா ஸ்கேன் மெஷினும் பதிவு செய்யப்படணும், இதயத்துக்கு மட்டும்னு வாங்கினாலும். 2012-ல வந்த விதிப்படி, தூக்கிக்கிட்டுப் போகக்கூடிய மெஷினைப் பதிவு செஞ்ச ஆஸ்பத்திரிக்குள்ளேயே உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம். அப்போ வார்டுல, கட்டில் பக்கத்துல பார்க்குறதைச் சட்டம் தடுக்கலை.

சிக்கல் எங்கேன்னா, கருவியைக் கையில பிடிக்குறது யார்? என்னை மாதிரி வெறும் எம்பிபிஎஸ்னா, 2014-ல வந்த விதிப்படி வயிறு, இடுப்பு ஸ்கேனுக்கான ஆறு மாசப் பயிற்சி முடிச்சிருக்கணும். டூட்டி டாக்டரை ஆறு மாசம் அனுப்பி வைக்க எந்த ஊர் ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு? அதோட பயம். பதிவேட்டுல குறை இருந்தாலே அது குற்றம்தான்னு 2019-ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சிடுச்சு. அதனால, "எதுக்கு வம்பு"ன்னு மெஷினைப் பூட்டி வைக்குறது எல்லாருக்கும் வசதி.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. குழந்தை பொறந்தாச்சு. அது தொட்டில்ல படுத்து அழுதுக்கிட்டிருக்கு. ஆணா பெண்ணான்னு வார்டு முழுக்கத் தெரியும். அந்தத் தாயோட வயித்துல பாலினம் பார்க்க இனிமே என்ன இருக்கு?

அதனால என் கோரிக்கைகள் இவை.

சிசேரியன் நடக்குற ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலயும் ஆபரேஷனுக்குப் பிறகு படுக்க வைக்குற வார்டுல ஒரு ஸ்கேன் மெஷின் நிரந்தரமா நிக்கணும். சாவி டூட்டி சிஸ்டர்கிட்ட இருக்கணும்.

மயக்க மருந்து டாக்டர்கள், டூட்டி டாக்டர்கள் எல்லாருக்கும் மேலே சொன்ன நாலு கேள்விக்கு மட்டும் குறுகிய பயிற்சி, தேர்வு, தனிச் சான்றிதழ். கருவைப் பார்க்க அந்தச் சான்றிதழ் செல்லாது. இதுக்கு விதியில தனி இடம் வேணும். அதை மத்திய அரசுதான் செய்யணும், மாநிலம் கேட்டு வாங்கணும்.

ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் படம் சேமிக்கணும், நோயாளி பேரு, நேரம், பார்த்தவர் கையெழுத்து பதிவேட்டுல இருக்கணும். யார் வேணும்னாலும் வந்து சரிபார்க்கட்டும்.

எதிர்வாதங்களையும் சொல்லிடுறேன்.

"அரைகுறையா கத்துக்கிட்டுத் தப்பா பார்த்துட்டா?" நியாயமான பயம். வயித்துக்குப் பின்பக்கம் தேங்குற ரத்தம் இதுல தெரியாமப் போகலாம். சிசேரியன் முடிஞ்ச வயித்துல கொஞ்சம் நீர் இருக்குறது சகஜம், அதையே ரத்தம்னு நினைச்சிடலாம். அதனால முதல் ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா "ஒண்ணும் இல்லை"ன்னு அர்த்தம் இல்லை. அரை மணி நேரத்துல திரும்பப் பார்க்கணும், கறுப்பு கூடுதான்னு பார்க்கணும். நோயாளி மோசமாகிக்கிட்டே இருந்தா ஸ்கேன் என்ன சொன்னாலும் பெரியவங்களைக் கூப்பிடணும். ஸ்கேன் பார்க்குறேன்னு ரத்தம் ஏத்துறதையோ தியேட்டருக்குப் போறதையோ தள்ளிப் போடவும் கூடாது.

"இதனால உயிர் பிழைக்குறது கூடுதுன்னு நிரூபணம் இருக்கா?" 2018-ல வட அமெரிக்காவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் சுமார் 270 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. காரணம் தெரியாம பிபி குறைஞ்சு அவசரப் பிரிவுக்கு வந்தவங்க. ஸ்கேன் பார்த்த குழுவுக்கும் பார்க்காத குழுவுக்கும் பிழைச்சவங்க எண்ணிக்கையில வித்தியாசம் இல்லை. இதை மறைச்சுட்டு உங்ககிட்ட ஆதரவு கேக்க மாட்டேன். ஆனா அவங்க பெரும்பாலும் வேற வகை நோயாளிகள், சி.டி. ஸ்கேனும் நிபுணர்களும் பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிகள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டூட்டி டாக்டர், ரெண்டு சிஸ்டர், ஒரு யூனிட் ரத்தம்னு இருக்குற இடத்துல, "இப்போவே அனுப்பணுமா, எங்கே அனுப்பணும், வழியில பாட்டில் ஓடணுமா வேண்டாமா"ங்குற முடிவு அந்த அஞ்சு நிமிஷத்துல மாறும். அதை நான் ரெண்டு தடவை கண்ணால பார்த்திருக்கேன்.

நம்ம மாநிலம் இதுல பின்தங்கின மாநிலம் இல்லை. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தை பொறந்தா இறக்குற தாய்மார் இந்தியாவுல 97, தமிழ்நாட்டுல 54. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில நடக்குது. ஆனா தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன். ரத்தசோகை பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு. இவ்வளவு பேர் வயித்தைத் திறக்குறோம்னா, திறந்த பிறகு உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்குற வசதியும் அதே ஆஸ்பத்திரியில இருக்கணும்.

கடைசியா, நோயாளியோட கூட இருக்கப் போற உங்களுக்கு.

ஆபரேஷன் முடிஞ்சவங்க காரணமில்லாம அமைதி இல்லாம புரண்டா, தாகம் தாகம்னா, திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டா, கை கால் ஜில்லுனு வேர்த்தா, யூரின் பையில சேர்றது நின்னு போனா, "அசதியா இருக்கும், தூங்கட்டும்"னு விட்டுடாதீங்க. உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க. திட்டினாலும் பரவாயில்லை, திரும்பக் கூப்பிடுங்க.

மானிட்டர் இருந்தா ரெண்டு நம்பர் பாருங்க. நாடித்துடிப்பு, மேல் பிபி. நாடி நம்பர் மேல் பிபி நம்பரைத் தாண்டிடுச்சுன்னா அது அவசரம். நல்ல ஆரோக்கியமா இருந்த கர்ப்பிணிக்கு ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் போற வரைக்கும் கூட பிபி இறங்காம இருக்கும். நாடிதான் முதல்ல ஓட ஆரம்பிக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, மரியாதையா ரெண்டு கேள்வி கேளுங்க. "இங்கே ரத்தம் இருக்கா? ராத்திரியில ஸ்கேன் பார்க்க ஆள் இருப்பாங்களா?" நிறைய பேர் கேட்டா நிர்வாகம் யோசிக்கும். டாக்டர் எழுதுற கடிதத்தை விட மக்கள் கேக்குற கேள்விக்கு வேகம் அதிகம்.

அப்புறம், ரத்த தானம் பண்ணுங்க. அன்னைக்கு ஏத்தின ஆறு யூனிட்டும் யாரோ ஆறு பேர் குடுத்ததுதான்.

போன தை மாசம் பாபநாசம் கடைத்தெருவுல ஒரு அம்மா என்னை நிறுத்தினாங்க. எனக்கு அடையாளம் தெரியலை. "தம்பி, கொட்டாவி விடுதுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"ன்னாங்க. பக்கத்துல பேரன், யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நிக்குறான். கோபமா பேசுவாங்கன்னு நினைச்சேன். அந்தம்மா பேரனைப் பார்த்து, "டாக்டருக்கு வணக்கம் சொல்லுடா"ன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சதுதான் இந்த த்ரெட். உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர், நர்ஸ், எம்எல்ஏ, அதிகாரி யாரா இருந்தாலும் அவங்களுக்கு அனுப்பி வைங்க.



ஒரு அரசு மருத்துவர், பாபநாசம்